ஓய்வு யார் பேருக்கு?

திருமூர்த்தி வேலையிடத்தில் முதன்முதலாகத் திட்டு வாங்கியது, வேலை செய்ததற்காக.

பின்லாந்து நாட்டில் கோய்வுலா என்றொரு ஏரிக்கரை ஊர். அங்கே பயணிகள் படகுகளைப் பழுது பார்க்கும் பட்டறையில், ஒரு படகின் பம்பைப் பிரித்து, தேய்ந்துபோன பேரிங்கை மாற்றி, மூடியைப் பொருத்திப் போல்ட்டுகளை முடுக்கிக்கொண்டிருந்தான். மணி அடித்தது. சுற்றிலும் இருந்தவர்கள் கையில் இருந்ததை அப்படியே வைத்துவிட்டுக் கிளம்பினார்கள். ஒருவர் பாதி சொல்லிக்கொண்டிருந்த வாக்கியத்தைக்கூட முடிக்கவில்லை. திருமூர்த்தி மட்டும் முடுக்கிக்கொண்டே இருந்தான்.

"கருவியைக் கீழே வையுங்கள்" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

தலைமை மெக்கானிக் ஹெல்மி. ஐம்பதைத் தாண்டியவள்; நரைத்த முடியைக் காதளவுக்கு வெட்டியிருந்தாள். பட்டறைத் தொழிலாளர் சங்கத்தின் பிரதிநிதியும் அவள்தான்.

"பத்தே நிமிசமுங்க. இந்த நாலு போல்ட்டு முடுக்குனா வேலை முடிஞ்சுதுங்க."

"நான்கு போல்ட்டும் நாளைக்கும் இங்கேதான் இருக்கும். உங்களுக்கு உடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தானுங்க இருக்கறேன்."

"பிறகு ஏன் உரிய நேரத்தில் முடிக்க முடியவில்லை?"

திருமூர்த்திக்குச் சுருக்கென்றது. கோயமுத்தூரில் ஒரு பம்பு கம்பெனியில் பதினைந்து வருடம், தினமும் பன்னிரண்டு மணி நேரம் வேலை பார்த்தவன் அவன். எல்லாருக்கும் கடைசியாக வீட்டுக்குப் போகிறவன் என்று பேர் வாங்கியவன். புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதலாளி அவனைத்தான் காட்டுவார். "திருமூர்த்தியப் பாருங்க. வீடுன்னு ஒண்ணு இருக்கறதே அந்த மனுசனுக்கு மறந்து போச்சு." அது பாராட்டு. அந்தப் பன்னிரண்டு மணி நேரத்தில் டீ குடித்தது, உதிரி பாகம் வரட்டும் என்று காத்திருந்தது, கரண்ட் போனது, மேனேஜர் கூட்டிய கூட்டம், அந்தக் கூட்டத்தைப் பற்றி வாசலில் நின்று வெட்டி நாயம் பேசியது எல்லாம் போக வேலை எவ்வளவு என்று யாரும் கேட்டதில்லை. கோய்வுலாவில் ஆறே மணி நேரம். ஆனால் அந்த ஆறு மணி நேரமும் ஒருவரும் வாயைத் திறக்காமல் வேலை பார்த்தார்கள். முதல் வாரத்தில் அவனுக்கு வந்த அலுப்பு, பதினைந்து வருடத்தில் வராத அலுப்பு.

இத்தனைக்கும் அவன் கோயமுத்தூர் ஒண்டிப்புதூரை விட்டு நகரவே இல்லை. தன் வீட்டு மாடி அறையில் தலைக்கவசமும் கையுறையும் மாட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். கோய்வுலாவில் நின்று போல்ட் முடுக்கியது அவனுடைய தொலைமேனி. இவன் கை அசைந்தால் அதன் கை அசையும். இவன் தலை திரும்பினால் அதன் தலை திரும்பும். இவன் நடக்க நினைத்தால் அது நடக்கும். அது பார்ப்பதை இவன் பார்த்தான். கம்பெனிக்காரர்கள் அதைத் தொலைமேனி என்றார்கள். ஒண்டிப்புதூரில் எல்லாரும் பொம்மை என்றார்கள். ஹெல்மி பேசுகிற பின்னிஷ் மொழி அவன் காதில் செய்தி வாசிக்கிற தமிழாக வந்து விழும். அவன் பேசுவது அவளுக்கு எப்படி விழுந்ததோ, மூன்றாம் நாள் அவளே கேட்டுவிட்டாள்.

"நீங்கள் ஏன் ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் என்னைக் கும்பிடுகிறீர்கள்?"

"நான் எங்கீங்க கும்பிட்டேன்?"

"இதோ, இப்போதும்."

போல்ட்டுகளை விட்டுவிட்டு வெளியே வந்த திருமூர்த்தி, அன்றைய பொழுது முடிந்தது என்று தலைக்கவசத்தைக் கழற்றப் போனான். உடனே தலைக்கவசத்துக்குள்ளேயே போன் அடித்தது. கம்பெனியின் கோயமுத்தூர் அலுவலகத்தில் இவனைப் போன்றவர்களைக் கவனித்துக்கொள்ளும் மனோரஞ்சன்.

"சார், சார், கழட்டிராதீங்க. ட்ரெய்னிங்ல சொன்னோமே. வேலை முடிஞ்சதும் ரெண்டு மணி நேரம் ரெஸ்ட்."

"அதானுங்க. கீழ போயி சித்தெ படுக்கலாம்னு."

"இல்ல சார். ரெஸ்ட்டும் அங்கதான். அவங்க நாட்டுல உழைக்கிறவங்க அவங்க நாட்டுலதான் ஓய்வெடுக்கணும். அதான் சட்டம்."

"பொம்மைக்கு எதுக்குங்க ரெஸ்ட்டு?"

"பொம்மைக்கு இல்ல சார். உங்களுக்கு."

"நான் ஒண்டிப்புதூர்லயல்லங்க இருக்கறேன்!"

"அது உங்க ஊரு சார். சட்டம் அவங்க ஊரு."

ஆக, திருமூர்த்தி தினமும் இரண்டு மணி நேரம் பின்லாந்தில் ஓய்வெடுக்க வேண்டும். சும்மா பேருக்கு எடுக்கவும் முடியாது. தொலைமேனியின் தோளெலும்புக்குப் பக்கத்தில் ஒரு சின்ன விளக்கு. ஓய்வுமானி என்று பேர். இவனுடைய நாடித் துடிப்பையும் தலைக்குள் ஓடுகிற ஓட்டத்தையும் பார்த்து, உண்மையிலேயே ஓய்ந்திருந்தால் பச்சை காட்டும். ஓய்வு என்று சொல்லிக்கொண்டு உள்ளே வேறெதையாவது ஓட்டிக்கொண்டிருந்தால் மஞ்சள். மஞ்சள் நேரம் ஓய்வாகக் கணக்கில் சேராது.

திருமூர்த்திக்கு முதல் மாதம் முழுக்க மஞ்சள்தான். ஏரிக்கரையில் போய் உட்காருவான். அந்த நாலு போல்ட் ஞாபகம் வரும். மணி என்ன ஆனது என்று பார்ப்பான். எதிரே போகிற படகின் சத்தத்தைக் கேட்டு எந்த வால்வு அடிக்கிறது என்று யோசிப்பான். மாதக் கடைசியில் மனோரஞ்சன் கூப்பிட்டார்.

"வேலையில பத்துக்குப் பத்து போட்டிருக்காங்க சார். ரெஸ்ட்டுலதான் ஃபெயில்."

"ஓய்வுல எப்படீங்க ஃபெயிலாகறது?"

"நானும் இப்பத்தான் சார் முதல் தடவையா பாக்கிறேன். இப்படியே போனா வேலை நிரந்தரமாகாது. அந்தம்மாகிட்டக் கேட்டுக் கத்துக்குங்க."

ஹெல்மி கற்றுக் கொடுத்தாள். காட்டுக்குள் கூட்டிப் போய்க் குனிந்து நீலப் பழம் பறிக்க வைத்தாள். துடுப்புப் படகில் நடு ஏரிக்குப் போய், துடுப்பை உள்ளே எடுத்துப் போட்டுவிட்டு உட்கார்ந்தாள். "இப்ப என்னங்க செய்யணும்?" என்று கேட்டான். "இதைத்தான்" என்றாள். ஒரு சனிக்கிழமை சங்கத்துக்காரர்கள் எல்லாம் நீராவிக் குளியல் அறைக்குள் போய் உட்கார்ந்தார்கள். தொலைமேனிக்கு ஆவி ஆகாது என்று அவனை வெளியே பெஞ்சில் உட்கார வைத்தார்கள். அன்று ஒண்டிப்புதூரில் கரண்ட் இல்லை. பேட்டரியில் தலைக்கவசம் மட்டும் ஓடியது, ஃபேன் ஓடவில்லை. உள்ளே இருந்தவர்களைவிடத் திருமூர்த்திக்குத்தான் அதிகமாக வியர்த்தது.

எப்படியோ, இரண்டாவது மாதம் விளக்கு பச்சையானது. மூன்றாவது மாதம் அவன் பட்டறையிலேயே நன்றாக ஓய்வெடுக்கிறவர்களில் ஒருவன். தூரத்தில் கேட்கிற பறவை எது என்று சொன்னான். மழை வருமா என்று ஏரியின் நிறத்தைப் பார்த்தே சொன்னான். சிரிக்கக் கற்றுக்கொண்டான்.

அந்தச் சிரிப்பு கீழே கேட்டது.

கீழே அவன் மனைவி சிந்துஜா இருந்தாள். தனியார் பள்ளி ஒன்றில் கணக்கு டீச்சர். காலையில் மகள் மிதுலாவை எழுப்பி, குளிக்க வைத்து, இரண்டு டப்பா கட்டி, அவளையும் கூட்டிக்கொண்டு ஸ்கூட்டரில் கிளம்பும்போது திருமூர்த்தி பேப்பர் படித்துக்கொண்டிருப்பான். பின்லாந்தில் இன்னும் விடியவில்லை என்பான். சாயந்திரம் அவள் திரும்பி வரும்போது அவன் மாடியில் ஓய்வெடுத்துக்கொண்டிருப்பான். அவள் துணி துவைத்து, மாவு ஆட்டி, மிதுலாவுக்குப் பின்னக் கணக்கு சொல்லிக் கொடுத்து, தண்ணி வருகிற நாளென்றால் மோட்டாரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பாள். அவன் இறங்கி வந்து சாப்பிட உட்கார்ந்து கதை சொல்லுவான்.

"இன்னைக்கு ஏரியில ஒரு சோடி அன்னம் வந்துச்சு சிந்து. அப்பிடியே அலுங்காம போகுது. பாத்துட்டே இருக்கலாம்."

"இன்னொரு தோசை வெக்கட்டுமுங்களா?"

"மனுசன் எப்பிடி இருக்கணும்னு அவங்ககிட்டத்தான் கத்துக்கணும். நாமெல்லாம் வேகு வேகுனு ஓடி என்னத்தக் கண்டோம்?"

"சட்னி பத்துதுங்களா?"

அவன் சுற்றுகிற காட்டில் எந்தப் பழம் எப்போது பழுக்கும் என்று மிதுலாவுக்கே மனப்பாடம். மிதுலா மூன்றாம் வகுப்பில் 'பி' பிரிவா 'சி' பிரிவா என்று அவனுக்குத் தெரியாது.

ஒரு சாயந்திரம் சிந்துஜா ஈரத் துணி வாளியைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்கு ஏறும்போது, படியில் கால் வழுக்கி விழுந்தாள். கணுக்கால் மடங்கிவிட்டது. எழுந்திருக்க முடியவில்லை. "ஏனுங்க" என்று கூப்பிட்டாள். இன்னொரு தடவை உரக்கக் கூப்பிட்டாள். மாடி அறைக் கதவு எட்டடி தூரத்தில் இருந்தது. தலைக்கவசம் மாட்டினால் வெளிச் சத்தம் எதுவும் உள்ளே வராது. ஓய்வு கெடக் கூடாது என்று அப்படிச் செய்திருந்தார்கள்.

மூன்றாவது தடவை கூப்பிட வாயெடுத்தபோது, உள்ளே அவன் வாய்விட்டுச் சிரிக்கிற சத்தம் கேட்டது. அவள் அதற்கப்புறம் கூப்பிடவில்லை.

மிதுலா ஓடிப்போய் எதிர்வீட்டு ரமணியக்காவைக் கூட்டி வந்தாள். அக்கா ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாள். எலும்பில் மயிரிழை விரிசல் என்று மாவுக்கட்டுப் போட்டார்கள். ஓய்வு முடிந்து இறங்கி வந்த திருமூர்த்தி காலி வீட்டையும், படியில் சிதறிக் கிடந்த துணிகளையும் பார்த்துவிட்டுப் பதறி ஓடினான்.

வீட்டுக்கு வந்து அவளைக் கட்டிலில் படுக்க வைத்துத் தலையணை முட்டுக் கொடுத்தான். என்ன செய்வதென்று தெரியாமல் பக்கத்தில் நின்றான்.

"ஏனுங்க, அப்ப எதுக்குச் சிரிச்சீங்க?" என்றாள் சிந்துஜா.

"எப்ப?"

"நான் படியில கெடந்தப்ப. நல்லாச் சத்தமா சிரிச்சீங்க."

திருமூர்த்தி யோசித்தான். அவன் பொய் சொல்லத் தெரிந்தவனாக இருந்திருந்தால் தேவலை.

"ஹெல்மி படகுத்துறையில வழுக்கி விழுந்துட்டாங்க. முழங்கால் தண்ணிதான். அவங்களே சிரிச்சாங்க. நானும் சிரிச்சுட்டே, கை குடுத்துத் தூக்கி..."

சிந்துஜா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை முதல் வேலையாக மனோரஞ்சனைக் கூப்பிட்டான்.

"சம்சாரத்துக்குக் கால்ல அடிங்க. பத்து நாள் லீவு வேணுமுங்க."

"கவலையே படாதீங்க சார். அவங்க சட்டத்துல குடும்பத்தைக் கவனிச்சுக்கிறதுக்குன்னே தனி லீவு இருக்கு. நாம நினைச்சே பாக்க முடியாது. ஒரு மாசம்கூட எடுத்துக்கலாம்."

திருமூர்த்திக்குக் கண் கலங்கிவிட்டது. "என்ன மனுசங்கய்யா அவங்க!"

"ஆனா சார், லீவுலயும் லாகின்ல இருக்கணும்."

"என்னங்க?"

"லீவும் ஓய்வுதானே சார். ஓய்வு அந்த நாட்டுலதான் எடுக்கணும்."

இப்படியாகத் திருமூர்த்தி, மனைவியைப் பார்த்துக்கொள்வதற்காகக் கிடைத்த விடுப்பை மாடி அறையில் உட்கார்ந்து கோய்வுலா ஏரிக்கரையில் கழித்தான். விளக்கு மறுபடியும் மஞ்சளுக்குப் போனது. மஞ்சளாக இருந்த நேரத்தை ஈடுகட்ட இன்னும் அதிக நேரம் ஏரிக்கரையில் உட்கார வேண்டி வந்தது. ரமணியக்கா மூன்று வேளையும் சாப்பாடு கொண்டு வந்தாள். வரும்போதெல்லாம் மாடியைப் பார்த்தாள்.

நாலாம் நாள் மிதுலாவைப் பள்ளியிலிருந்து அழைத்து வர ஆள் இல்லை. மனோரஞ்சனிடம் கெஞ்சி அரை மணி நேரம் அனுமதி வாங்கிக்கொண்டு, பொம்மையை ஏரிக்கரைப் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, திருமூர்த்தி ஸ்கூட்டரில் கிளம்பினான்.

ஸ்கூட்டர் சத்தம் தெருமுனை திரும்பியதும் சிந்துஜா எழுந்தாள். யாரையாவது இரண்டு கேள்வி கேட்காவிட்டால் அவளுக்குத் தலை வெடித்துவிடும் போலிருந்தது. படியில் பின்பக்கமாக உட்கார்ந்து, மாவுக்கட்டுக் காலைத் தூக்கிப் பிடித்தபடி, ஒவ்வொரு படியாக உந்தி உந்தி மேலே போனாள். நாற்காலியில் ஏறித் தலைக்கவசத்தை மாட்டினாள். கையுறைக்குள் கையை விட்டாள்.

எதிரே ஏரி இருந்தது.

அவன் சொன்னதெல்லாம் பொய்யில்லை. அதுவே அவளுக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பியது. எழுந்து நின்றாள். காலில் வலி இல்லை. பொம்மையின் காலுக்கு எதற்கு வலிக்கப் போகிறது? விறுவிறுவென்று நடந்து படகுத்துறைக்குப் போனாள். அங்கே ஒரு பெண் காலைத் தண்ணீரில் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தாள்.

"நீங்கதான் ஹெல்மீங்களா?"

ஹெல்மி நிமிர்ந்து பார்த்தாள். "நீங்கள் திருமூர்த்தி இல்லை."

"அவரோட சம்சாரம். ஒரே ஒரு நாயம் கேக்கோணும். வேலைக்குன்னு எடுத்தது அவரு கையத்தானுங்களே? ஓய்வையும் எதுக்குங்க சேத்து எடுத்துட்டீங்க?"

ஹெல்மி தண்ணீரிலிருந்து காலை எடுத்தாள். பக்கத்தில் பலகையைக் கையால் துடைத்து இடம் காட்டினாள். சிந்துஜா உட்காரவில்லை.

"அந்தச் சட்டத்துக்காக வேலைநிறுத்தம் செய்தவர்களில் நானும் ஒருத்தி" என்றாள் ஹெல்மி. "தொலைமேனிகள் வந்த புதிதில் இங்கே இப்படி எந்த விதியும் கிடையாது. இங்கே எட்டு மணி நேரம் வேலை பார்த்தவர் கழற்றிவிட்டு, அடுத்த நிமிடம் வேறொரு நாட்டில் வேறொரு மேனியில் ஏறுவார். அங்கே முடித்து மூன்றாவது நாட்டில். எங்கள் பட்டறையில் ஒருவர் இருந்தார். எந்த ஊர் என்றுகூட எங்களுக்குத் தெரியாது. ஒரு நாள் மேனி நின்ற இடத்திலேயே நின்றுவிட்டது. பேட்டரி தீர்ந்துவிட்டது என்று நினைத்தோம். பேட்டரி நன்றாகத்தான் இருந்தது."

சிந்துஜா இடுப்பில் ஊன்றியிருந்த கையை இறக்கினாள்.

"அதனால்தான் ஓய்வை எங்கள் கண்முன்னால் எடுக்கச் சொன்னோம். வீட்டுக்கு அனுப்பினால் வேலைக்கு அனுப்பிவிடுவார்கள் என்று பயந்தோம்."

"வீட்லயும் வேலை இருக்குமுங்களே."

"அதை நாங்கள் யோசிக்கவில்லை" என்றாள் ஹெல்மி. பிறகு அவள் கண்கள் பொம்மையின் தோளுக்குப் போயின. எழுந்து கிட்டே வந்து பார்த்தாள். விளக்கு சிவப்பாக இருந்தது. அந்தப் பட்டறையில் யாரும் அதுவரை சிவப்பைப் பார்த்ததில்லை. அப்படியொரு நிறம் அதற்குள் இருப்பதே பலருக்குத் தெரியாது.

"நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள்?"

"டீச்சருங்க."

"எத்தனை மணி வரை?"

"அது நாலு மணிக்கெல்லாம் முடிஞ்சுருமுங்க. பொறவுதான் சோலியே ஆரம்பிக்குது."

"அந்த வேலைக்கு யார் முதலாளி?"

சிந்துஜாவுக்கு எரிச்சலையும் மீறிச் சிரிப்பு வந்தது. "அத நானும் யோசிச்சதில்லீங்க."

"கடைசியாக எப்போது ஓய்வெடுத்தீர்கள்?"

அவள் பதில் சொல்ல வாயெடுத்தாள். தீபாவளி லீவு என்று சொல்லலாமா என்று பார்த்தாள். அன்றைக்குத்தான் வேலை அதிகம். மிதுலா பிறந்தபோது ஆஸ்பத்திரியில் படுத்திருந்தது ஞாபகம் வந்தது. அது ஓய்வா என்று தெரியவில்லை. அப்படியே பலகையில் உட்கார்ந்தாள். ஹெல்மியும் உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு இருவரும் பேசவில்லை. பொழுது போனதே தெரியவில்லை. ஒண்டிப்புதூரில் ஸ்கூட்டர் வந்து நின்றது அவளுக்குக் கேட்கவே இல்லை.

தலைக்கவசத்தைக் கழற்றியபோது எதிரே திருமூர்த்தி வெளிறிப்போய் நின்றிருந்தான்.

"என்ன சிந்து இப்பிடிப் பண்ணிட்ட? அடுத்தவங்க ஏறுனா வேலையை விட்டே தூக்கிருவாங்க!"

"போச்சாது உடுங்க, போனாப் போகுது" என்றாள் சிந்துஜா. அவள் அப்படிச் சொல்லி அவன் கேட்டதில்லை.

இரண்டு வாரம் இருவருக்கும் சோறு இறங்கவில்லை. மனோரஞ்சன் தினமும் கூப்பிட்டு, "இன்னும் ஒண்ணும் சொல்லல சார், சங்கத்துல பேசிட்டு இருக்காங்களாம்" என்பார். பிறகு ஒரு நாள் கூப்பிட்டு, முதலில் சிந்துஜாவின் கால் எப்படி இருக்கிறது என்று விசாரித்தார்.

"சொல்லுங்க. போயிருச்சுங்களா?"

"வேலை போகல சார். ரெஸ்ட்டுதான் போயிருச்சு."

"புரியிலீங்க."

"உங்க ரெஸ்ட்டை உங்க ஒய்ஃப் பேருக்கு மாத்திட்டாங்க. தொலைமேனிக்குள்ள யார் வந்தாலும் அவங்க சட்டப்படி தொழிலாளியாம். அந்தத் தொழிலாளிக்குச் சிவப்பு விளக்கு எரிஞ்சிருக்கு. பச்சை ஆகிற வரைக்கும் அந்த ரெண்டு மணி நேரம் அவங்களுக்கு. நீங்க வேலை முடிஞ்சதும் இறங்கிரணும்."

"இறங்கி?"

"அவங்க வேலையை யாராவது பாக்கணும்ல சார்" என்றார் மனோரஞ்சன். குரலைத் தாழ்த்தி, "வெளிய இதச் சொல்லிராதீங்க, எங்க வீட்டம்மாவுக்குத் தெரிஞ்சா கஷ்டம்" என்றார்.

முதல் நாள் சாயந்திரம் சிந்துஜா மாடிக்குப் போனாள். திருமூர்த்தி கீழே இறங்கினான். கிரைண்டரில் அரிசியைப் போட்டான். தண்ணீர் ஊற்ற மறந்தான். பின்னக் கணக்கில் அவன் சொன்ன விடையை மிதுலா மரியாதையாக அழித்துவிட்டு வேறு போட்டாள். துணி காய்ந்ததா என்று பார்க்கப் போன நேரத்தில் பால் பொங்கியது. பாலைத் துடைக்கும்போது தொட்டி நிறைந்து தண்ணீர் தெருவுக்கு ஓடியது. ரமணியக்கா வாசலில் நின்று, "மோட்டார அணைங்க தம்பி" என்றாள். பன்னிரண்டு மணி நேரம் கம்பெனியில் நின்றவனுக்கு அந்த இரண்டு மணி நேரம் முடிவதாகவே இல்லை.

சிந்துஜா இறங்கி வந்தாள். அவன் ஆவலோடு கேட்டான்.

"அன்னம் வந்துச்சா?"

"கவனிக்கிலீங்க."

"ஹெல்மி என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லிலீங்க."

"அப்ப என்னதான் பண்ணுன?"

"சும்மா இருந்தேன்."

அவனுக்குப் பொறாமையாக இருந்தது. அது தன்னுடைய ஏரி என்று அவன் நினைத்துக்கொண்டிருந்தான்.

சிவப்பு மஞ்சளாவதற்கே வெகுநாள் ஆனது. மாவுக்கட்டைப் பிரித்தார்கள். திருமூர்த்திக்குக் கிரைண்டர் படிந்தது. மிதுலா 'சி' பிரிவு என்று தெரிந்தது. அவளுக்கு வகுப்பில் பிடிக்காத ஒருத்தி இருக்கிறாள், அவள் பேர் ரக்‌ஷனா என்பதும் தெரிந்தது. சில நாள் சிந்துஜா பொம்மையைப் படகுத்துறையில் சாய்த்துவிட்டு நாற்காலியிலேயே தூங்கிப்போனாள். "உங்கள் மேனி குறட்டை விட்டது. வாத்துகள் பயந்துவிட்டன" என்றாள் ஹெல்மி. ஒரு நாள் விளக்கு பச்சையானது. மனோரஞ்சன் கூப்பிட்டு ஓய்வை மறுபடி சார் பேருக்கே மாற்றிவிடலாமா என்று கேட்டார். திருமூர்த்தி சிந்துஜாவைப் பார்த்தான். சிந்துஜா மிதுலாவுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை.

"நாள் விட்டு நாள் போட்டுக்குங்க" என்றான்.

"அப்படி ஒரு கட்டமே இல்ல சார் இந்த ஃபார்ம்ல."

"ஹெல்மியம்மாகிட்டச் சொல்லுங்க. போட்டுக் குடுப்பாங்க."

போட்டுக் கொடுத்தாள். இதற்குள் அவளும் சிந்துஜாவும் கொஞ்சம் பேச ஆரம்பித்திருந்தார்கள். ஹெல்மிக்கு நாலு வாரம் விடுமுறை வந்தது.

"லீவுல என்னங்க பண்ணுவீங்க?"

"ஏரிக்கு அக்கரையில் எனக்கு ஒரு மரவீடு இருக்கிறது. அங்கே போய் இருப்பேன்."

"யாரு கூடயுங்க?"

"நான் மட்டும்தான். யாரும் தொந்தரவு செய்ய மாட்டார்கள்."

சிந்துஜாவுக்கு அது சொர்க்கம் மாதிரித்தான் பட்டது. ஆனால் ஹெல்மி அதைச் சொன்ன விதம் அப்படி இல்லை. காலால் தண்ணீரை அளைந்தபடி ஹெல்மி கேட்டாள். "உங்களுக்கு வசதிப்படும் ஒரு நாளில், முன்கூட்டியே சொல்லிவிட்டு, நான் உங்கள் வீட்டுக்கு வரலாமா?"

காந்திபுரத்தில் ஒரு கடையில் தொலைமேனிகளை வாடகைக்கு விட்டார்கள். வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகள் அதில் ஏறித்தான் இங்கே கல்யாணத்துக்கும் கிருகப்பிரவேசத்துக்கும் வருவார்கள். திருமூர்த்தி ஒன்றை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தான். போன வாரக் கல்யாணத்துச் சந்தனம் அதன் தோளில் காய்ந்திருந்தது. கழுத்து இடுக்கில் இரண்டு அட்சதை. சொன்ன நேரத்துக்கு அதற்கு உயிர் வந்தது.

"வணக்கம்" என்றாள் ஹெல்மி. சுற்றிலும் பார்த்தாள். குக்கர் கத்தியது. மிதுலா ரக்‌ஷனாவைப் பற்றி ஒரு புகாரோடு வந்து அந்தப் பொம்மையின் மேல் சாய்ந்தாள். வாசலில் காய்கறி வண்டிக்காரர் ஒலிபெருக்கியில் தக்காளி விலை சொன்னார். திருமூர்த்தி நாற்காலி தேடினான். அதற்குள் சிந்துஜா அவளைச் சமையலறைத் தரையில் உட்கார வைத்து, ஒரு முறம் சின்ன வெங்காயத்தை முன்னால் தள்ளினாள்.

"இந்தாங்க, இத உரிச்சுக் குடுங்க."

"சிந்து! லீவுல வந்திருக்கறவங்ககிட்ட வேலை சொல்றயா?" என்று பதறினான் திருமூர்த்தி. "அவங்க ஊருல சட்டமெல்லாம் இருக்குது!"

"இருக்கட்டும்" என்றாள் ஹெல்மி. ஒரு வெங்காயத்தை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "எனக்கு நேரம் இருக்கிறதா என்று கேட்காமல் யாராவது என் கையில் ஒரு வேலையைக் கொடுத்து வெகுகாலம் ஆகிறது."

மெதுவாக உரிக்க ஆரம்பித்தாள். ரமணியக்கா கிண்ணத்தோடு உள்ளே வந்தவள், தரையில் உட்கார்ந்திருந்த பொம்மையைப் பார்த்து நின்றாள்.

"யாரு சிந்து இது? ஒரம்பரையா?"

"ஆமாங்க்கா, ஒரம்பரைதான்."

மொழிபெயர்ப்பு தடுமாறியது போலிருக்கிறது. "அந்தச் சொல்லுக்கு என்ன பொருள்?" என்று ஹெல்மி கேட்டாள்.

"சொந்தக்காரங்கன்னு அர்த்தமுங்க" என்றாள் சிந்துஜா, அடுப்பைப் பார்த்தபடி.

ஹெல்மி இன்னும் இரண்டு வெங்காயம் உரித்தாள். பிறகு கையை நிறுத்தி, மணிக்கட்டால் இரண்டு கண்களையும் மாறி மாறித் துடைத்துக்கொண்டாள். அந்தப் பொம்மைக்குக் கண்ணாடிக் கண். வெங்காயம் அதை ஒன்றும் செய்யாது. கோய்வுலாவில் அவள் கை எப்படி அசைகிறதோ, இங்கேயும் அப்படித்தான் அசையும்.

"வெங்காயம் காரமா இருக்குதுங்களா?" என்று கேட்டான் திருமூர்த்தி.

"ஆமாம்" என்றாள் ஹெல்மி.

சிந்துஜா கூடையிலிருந்து இன்னும் இரண்டு கை வெங்காயம் அள்ளி அவள் முறத்தில் போட்டாள்.